பழைய புல்லட்டில் நிற்காத ஆயில் கசிவு: பேக்கிங் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தாத்தாவோ அப்பாவோ ஓட்டிவிட்டு நிறுத்திய புல்லட்டைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, டயர் மாற்றி, பேட்டரி மாற்றி, மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கும் பிள்ளைகளைத் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அவர்களில் பாதிப் பேர் வந்து முட்டி நிற்கும் இடம் ஆயில் கசிவு. "பேக்கிங் மாத்தியாச்சு, செல்லாக் போட்டாச்சு, நாலு நாள் நின்னுச்சு, திரும்ப ஒழுகுதுண்ணே" என்பார்கள். (பேக்கிங் என்பது இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் நடுவில் வைக்கும் தாள்; செல்லாக் அதில் பூசும் ஒட்டுப் பசை.) பக்கத்தில் இருக்கும் பெரியவர், "புல்லட்டுன்னா ஒழுகத்தான் தம்பி செய்யும்" என்று முடித்துவைப்பார்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. கசிவு தீராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஆயில் சொட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறோமே தவிர, அது கிளம்புகிற இடத்தைத் தேடுவதில்லை. அடுத்தது, இன்ஜின் மூச்சுவிடும் வழி அடைத்துக் கிடக்கும்போது பேக்கிங்கை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டு ஸ்பேனரை எடுத்தால் வேலை பாதியாகக் குறையும்.

நான் சொல்வது வார்ப்பிரும்பு சிலிண்டர் உள்ள பழைய 350 சிசி புல்லட் பற்றி. திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் தயாராகி, 2010-ஐ ஒட்டி நின்றுபோன இன்ஜின் அது.

முதலில் பின் டயரைப் பாருங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் பின் டயரின் பக்கவாட்டையும் தரையில் படும் பகுதியையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்காதீர்கள். நம் ஊர் ரோடுகளில் வாய்க்கால் ஓரத்து வளைவுகள் அதிகம். டயரில் ஆயில் பட்ட வண்டி வளைவில் சறுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, கசிவை நிறுத்திய பிறகு ஓட்டுங்கள்.

எந்த ஆயில் ஒழுகுகிறது?

புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாமல் போவது இயல்பு: இந்த வண்டியில் ஆயில் மூன்று தனித்தனி இடங்களில் இருக்கிறது. இன்ஜின் ஆயில் கிரேங்க்கேஸிலேயே (கிரேங்க் சுழலும் அடிக்கூடு) ஒரு தொட்டி மாதிரி அறையில், சுமார் 2 லிட்டர். இடப்பக்கம் கிளட்ச்சும், இன்ஜினிலிருந்து அதைச் சுழற்றும் பிரைமரி செயினும் ஓடும் கவருக்குள் வேறு ஆயில், சுமார் 400 மில்லி. பின்னால் கியர்பாக்ஸ் தனி. அதற்குள் கெட்டியான கிரீஸ் கலவை.

தரையில் ஓர் அட்டையை விரித்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அட்டையில் விழுந்த சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுத்து, மெல்லிசாக இருந்தால் அநேகமாக இன்ஜின் ஆயில். வண்டியின் இடப்பக்கம் மட்டும் விழுந்து, ஓரளவு தெளிவாக இருந்தால் பிரைமரி கவர். கெட்டியாக இழுபட்டால் கியர்பாக்ஸ். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரையோ பெட்ரோல் டேப்பையோ பாருங்கள். அது ஆயில் கசிவே இல்லை.

அட்டையில் ஒன்றுமே விழாமல், ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் இன்ஜின் நனைந்திருக்கிறதா? அதுவும் ஒரு துப்புதான். நிற்கும்போது ஒழுகுவது ஆயில் தேங்கியிருக்கும் மட்டத்துக்குக் கீழே உள்ள இடத்திலிருந்து வருகிறது: டிரெயின் பிளக், அடி வாஷர், பிரைமரி கவர். ஓடும்போது மட்டும் வருவது, அழுத்தத்தால் வெளியே தள்ளப்படுவது.

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது

டெல்டா வண்டியின் அடிப்பக்கத்தில் வயல் மண்ணும் ஆயிலும் சேர்ந்து சூட்டில் இறுகி ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். அறுவடை நேரத்துத் தூசும் வைக்கோல் துணுக்கும் அதிலேயே சேரும். இது இருக்கும்வரை கசிவு எங்கே என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. சைலன்சருக்குப் பக்கத்தில் ஆயிலில் ஊறிய வைக்கோல் தீப்பிடிக்கவும் செய்யும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டர் வாயையும் மின் இணைப்புகளையும் பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். மண்ணை மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும். அப்புறம் டீசலோ மண்ணெண்ணெயோ பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். சிலிண்டரின் துடுப்புகளுக்கு இடையிலும் இன்ஜின் உச்சியில் வால்வை இயக்கும் ராக்கரை மூடியிருக்கும் ராக்கர் கவரின் அடி ஓரங்களிலும் பழைய பல் பிரஷ் நன்றாகப் போகும்.

பவுடர் போட்டுப் பிடிக்கலாம்

காய்ந்த இன்ஜின்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். இணைப்புகள் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிய வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் மெதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

இங்கே பொறுமை வேண்டும். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால், வலப்பக்கம் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட் ஓரத்தில் முதலில் பவுடர் லேசாகச் சாம்பல் நிறமாகும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாம்பல் பழுப்பாகி, ஒரு மயிரிழைக் கோடாகத் துடுப்பின் விளிம்பில் ஓடி, விளிம்பு முடிகிற இடத்தில் திரண்டு, கீழே சிலிண்டர் அடியில் உள்ள டேப்பட் கவர் என்ற சின்ன மூடியின்மேல் விழும். டேப்பட் கவரிலிருந்து, வலப்பக்கத்துப் பெரிய மூடியான டைமிங் கவர் ஓரமாக வழிந்து அடியில் போய்ச் சொட்டும். அடியில் மட்டும் பார்த்தவர் டைமிங் கவர் பேக்கிங்கை மாற்றுவார். தவறு மேலே ஒரு செப்பு வாஷரில் இருக்கும்.

ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரம் பட்ட இடங்களில் மிக மேலேயும் மிக முன்னாலும் இருப்பது எதுவோ அதுதான் ஊற்றுக்கண். அங்கிருந்து வேலையை ஆரம்பியுங்கள்.

ப்ரீதர்: யாரும் பார்க்காத இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 90 மில்லிமீட்டர். மொத்தம் 346 சிசி. ஒற்றை சிலிண்டர் என்பதால் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அதன் அடியில் உள்ள அவ்வளவு காற்றும் கிரேங்க்கேஸுக்குள் அமுக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் 1000 முறை. அந்தக் காற்று வெளியேறத்தான் ப்ரீதர் பைப். அதில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் வால்வு இருக்கும், வாத்து மூக்கு மாதிரி இரண்டு உதடு. பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விடும். ஏறும்போது உதடு மூடிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. இதனால் கிரேங்க்கேஸுக்குள் லேசான வெற்றிடம் நிலைத்து நிற்கும். வெற்றிடம் இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஆயில் உள்நோக்கித்தான் இழுபடும்.

ரப்பர் கெட்டியாகிவிட்டாலோ பைப்புக்குள் அழுக்கு அடைத்துவிட்டாலோ உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அங்கே புதுப் பேக்கிங் போட்டால் அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். "ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு ஒழுகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ப்ரீதரைத்தான்.

வண்டி வந்த ஆண்டைப் பொறுத்துப் பைப்பின் பாதையும் ரப்பரின் இடமும் மாறும். கிரேங்க்கேஸில் கிளம்பும் ரப்பர் பைப்பைக் கையால் பின்தொடர்ந்து முனைவரை போங்கள். நடுவில் சின்ன டப்பா ஒன்று இருந்தால் அதையும் கழற்றுங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, காற்று அடித்துக் காயவையுங்கள். ரப்பர் வால்வைத் துடைத்துவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள்: ஒரு பக்கம் தாராளமாகப் போக வேண்டும், மறுபக்கமிருந்து ஊதினால் அடைத்துக்கொள்ள வேண்டும். உதடு வெடித்திருந்தாலோ விறைத்திருந்தாலோ புதிது வாங்குங்கள். புல்லட்டில் மிக மலிவான உதிரிகளில் அது ஒன்று.

பூட்டிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ப்ரீதர் முனைக்கு முன்னால் மெல்லிய பாலித்தீன் துண்டைப் பிடியுங்கள். வெளிப்பக்கமாக மட்டும் படபடத்தால் வால்வு வேலை செய்கிறது. உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி இழுத்தால் இன்னும் சரியில்லை. புது வால்வு போட்டும் காற்று விடாமல் பலமாகச் சீறி வருகிறது, சைலன்சரில் நீலப் புகையும் இருக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பைப்புக்குள் வெளுத்த பசை மாதிரி ஒன்று சேர்ந்திருக்கும். ஈரக் காற்றில், கடைத்தெருவரை மட்டும் போய்வரும் குட்டிப் பயணங்களில் இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் தண்ணீரும் ஆயிலும் கலந்து உண்டாவது அது. கழுவிவிட்டு, வாரம் ஒரு முறையாவது நீளமாக ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த நிறமாக இருந்தால், முழங்கால் தண்ணீரில் ஓட்டியதில் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். உடனே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் நின்ற வண்டி

புல்லட்டுக்கே உரிய ஒரு விஷயம் இது. இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் நிறுத்தினால், தொட்டி அறையில் உள்ள ஆயில் பம்ப்பின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக கிரேங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கும். "குடிச்சிருச்சு போல" என்று அரை லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் கீழே இறங்கிய ஆயிலும் சேர்ந்து மேலே வந்து, அளவு மீறி, ப்ரீதர் வழியாகக் கக்கும். பார்க்கிறவருக்கு இன்ஜினே உடைந்த மாதிரி இருக்கும்.

ரொம்ப நாள் நின்ற வண்டியை முதலில் மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். பம்ப் ஆயிலைத் திரும்பத் தொட்டிக்கு அனுப்பிவிடும். அணைத்துச் சில நிமிடம் கழித்து, சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும்போது அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஒரு சொட்டும் வேண்டாம்.

சின்ன வேலையிலேயே முடிகிற இடங்கள்

ராக்கருக்குப் போகும் வெளிப் பைப்பின் போல்ட்டுகளில் செப்பு வாஷர் இருக்கும். புதிது போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் பழையதையே கேஸ் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுங்கள். செம்பு மறுபடி மென்மையாகிவிடும். நைஸ் எமரி தாளில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுப் போடுங்கள். அந்த போல்ட்டுகள் உள்ளே துளையுள்ளவை. பலத்தைக் காட்டினால் கழுத்தோடு ஒடியும்.

டேப்பட் கவர் ஒரே நட்டில் நிற்கிறது. ஒழுகினால் எல்லோரும் அந்த நட்டைத்தான் இறுக்குவார்கள். இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கழற்றி, கண்ணாடிமேல் வைத்து ஓரம் படிகிறதா பாருங்கள். வளைந்திருந்தால் மரப்பலகையில் கவிழ்த்து மெல்லத் தட்டி நேராக்கி, புதுப் பேக்கிங் போட்டு, விரலால் முடுக்கிய பிறகு ஸ்பேனரில் சற்றே திருப்பினால் போதும்.

பிரைமரி கவருக்கும் இதே நோய்தான். நடுவில் ஒரே நட்டு, சுற்றிலும் ரப்பர். ரப்பர் நீண்டு தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். காடி முழுவதையும் துடைத்துவிட்டு, ரப்பர் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து மூடுங்கள். ஆயிலைக் கவரில் உள்ள அளவு ஸ்க்ரூவரை மட்டும் ஊற்றுங்கள்.

கியர்பாக்ஸில் கிரீஸுக்குப் பதிலாக யாரோ மெல்லிய ஆயிலை நிரப்பியிருந்தால் அது ஒழுகத்தான் செய்யும். பேக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ராக்கர் கவர், டைமிங் கவரைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

ஆயிலை வடித்துவிடுங்கள். ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். பழைய புல்லட்டில் பல நட்டுகள் அங்குலக் கணக்கு என்பதால் மில்லிமீட்டர் ஸ்பேனர் தளர்வாக உட்கார்ந்து முனையை மழுக்கும். பொருந்துகிற ஸ்பேனர் இல்லாமல் தொடாதீர்கள். இறுகிய ஸ்க்ரூவுக்கு, சுத்தியால் அடித்தால் திருகும் இம்பாக்ட் டிரைவரை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்குங்கள்.

கவர் வரவில்லை என்றால் மரச் சுத்தியால் ஓரங்களில் தட்டுங்கள். இணைப்புக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல்தான் பிற்பாடு தீராத கசிவாகிறது. பழைய பேக்கிங்கைப் பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்துச் சுரண்டுங்கள். துணுக்கு உள்ளே விழாமல் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கர் கவரின் முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் எமரி தாளை விரித்து, கவரைக் கவிழ்த்து எட்டுப் போடுகிற மாதிரி மெல்லத் தேயுங்கள். மேடு மட்டும் பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். முழு ஓரமும் ஒரே மாதிரி ஆகும்வரை தேயுங்கள். ஆழமான குழி என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பேக்கிங் ஷீட் வாங்கி நீங்களே வெட்டலாம். ஓரத்தில் ஆயில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்தால் அச்சு விழும். அதைக் கத்தரியால் வெட்டுங்கள். ராக்கர் கவருக்கு இது போதும். டைமிங் கவருக்கு மட்டும் கடையில் விற்கும் தயார்ப் பேக்கிங்கையே போடுங்கள். அந்த வழியாகத்தான் கிரேங்க்குக்கு ஆயில் போகிறது. ஒரு துளை விடுபட்டால் கிரேங்க்கில் உள்ள பிக் எண்ட் பேரிங் போய்விடும்.

சிலிகான் பேஸ்ட்டை நல்ல பேக்கிங்கின் இரு பக்கமும் விரலால் மெல்லிசாகப் பூசினால் போதும். வெளியே பிதுங்கி வழிகிறது என்றால் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் பாதையை அடைத்தால் இன்ஜின் காலி.

வைக்கோலும் ஆயில் சீலும்

தை, மாசியில் ரோடு முழுக்க வைக்கோல் கிடக்கும். அதில் ஓட்டிய வண்டிகளில் முன் பல்சக்கரத்துக்குப் பின்னால் வைக்கோலும் சாக்குக் கயிறும் சுற்றி இறுகி, ஷாஃப்ட்டில் உள்ள ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். சீசன் முடிந்ததும் முன் பல்சக்கரத்தைச் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

சீல் மாற்றும்போது அதன் முகத்தில் உள்ள மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கமாக உள்நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டின் பல்மேல் டேப் சுற்றிச் சீலை நுழைத்துவிடுங்கள். ஷாஃப்ட்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால், புதுச் சீலை அந்தக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள்.

பட்டறைக்கு விட வேண்டியவை

இரண்டு கிரேங்க்கேஸ் பாதிகள் சேரும் இடம், சிலிண்டரின் அடி, ஹெட் பேக்கிங். இவற்றில் கசிந்தால் பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். மரை போன துளைக்கும் அப்படித்தான். எம்-சீல் வைத்து ஒட்டாமல், லேத்தில் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடச் சொல்லுங்கள்.

நூறு சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கழுவுவது, பவுடர் போடுவது, ப்ரீதர் பார்ப்பது எல்லாம் ஒன்றுதான். அவற்றில் பெரும்பாலும் டேப்பட் மூடியின் ஓ-ரிங், கியர் ஷாஃப்ட் சீல், முன் பல்சக்கர சீல், டிரெயின் போல்ட் வாஷர் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

வடித்த கழிவு ஆயிலை வாய்க்காலிலோ வயல் வரப்பிலோ ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நாற்றுக்கும் மாட்டுக்கும் போகிறது. கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள்.

மூடிய பிறகு

ஸ்க்ரூக்களை எல்லாம் முதலில் கையால் முடுக்கி, எதிரெதிராக, மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் கவரின் சின்ன ஸ்க்ரூக்களுக்கு 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதீர்கள். இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து இறுக்குங்கள். பேஸ்ட் போட்டிருந்தால் ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, மறுபடி பவுடர் தூவி ஓட்டிப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடி, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ராக்கர் கவர் நட்டுகளை ஒரு முறை சரிபாருங்கள். பேக்கிங் அமுங்கியதில் லேசாகத் தளர்ந்திருக்கும். டேப்பட் கவர் நட்டை மட்டும் கசியாதவரை தொட வேண்டாம்.